இருபத்தொன்பது இல்லாத பிப்ரவரி

கொன்செப்சியோன்,
30 ஜனவரி 2013

அன்புத் தம்பி டெர்லிசுக்கு,

உன் அக்கா சுனில்டா எழுதுகிறேன். அம்மாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டுவிட்டது. அம்மாதான் யாருக்கும் கட்டுப்படவில்லை. நான் சுகம். நீ புவெனஸ் ஐரிஸ் போய் மூன்று வாரமாகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அறையில் காற்று வருகிறதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நில அளவைப் பதிவகத்திலிருந்து போகிற ஒவ்வொரு மின்னஞ்சலும் எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்க நீ அமைத்துவிட்டுப் போன பேக்கப் சர்வரில் ஏழு வருடம் கிடக்கும் என்று எங்களை மிரட்டியவன் நீதான். போனில் பிடித்தாலோ ஒரு ஜோக் அடித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். ஆகவே காகிதம். பஸ் நிலையத்தில் பார்சல் ஏற்றிவிடுகிற ஞா செஃபெரினா உறையை வாங்கி ஓட்டுநரிடம் சேர்த்துவிடுகிறாள். அசுன்சியோனில் பஸ் மாறி இரண்டாம் நாள் உன் கைக்கு வந்துவிடும். "காதல் கடுதாசியாடி?" என்று கேட்டாள். தம்பிக்கு என்றேன். "அப்ப பிரிச்சுப் பாக்க மாட்டேன், போ" என்றாள்.

நேற்று 29. ஞோக்கி செய்தோம். உன் இடத்துக்கு வந்திருக்கும் மிர்னாவுக்கு நம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: மாதா மாதம் 29ஆம் தேதி, அதிர்ஷ்டம் வரும் என்று ஊரே உருளைக்கிழங்கு உருண்டைகளான ஞோக்கி தின்கிற நாளில், இங்கே யாராவது ஒருவர் வாய்க்கு வந்த கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டும், அதை பேக்கப்பிலிருந்து மீட்டு, திறந்து, உரக்கப் படித்த பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். ஒரு நிமிடத்தில் மீட்டுவிட்டாள். கெட்டிக்காரி. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கிறாள்.

கெட்டிக்காரி என்பதால் கேட்டும் விட்டாள். "அக்கா, இந்த பேக்கப் சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்குற ரெண்டு லினக்ஸ்லதானே ஓடும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு? நம்மகிட்ட இருக்கிறது இலவச லினக்ஸாச்சே?" நான் நீ செய்ததைச் சொன்னேன். அந்த மென்பொருள் தொடங்கும்போதெல்லாம் ஒரு சின்னக் கோப்பைத் திறந்து, கணினியை இயக்குவது எந்த லினக்ஸ் என்று பெயரைப் பார்க்கும். நீ அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, ஆதரவு உள்ள லினக்ஸின் பெயரை எழுதிவைத்தாய். தலைவர் தோன் எர்மினியோ வாயால் சரி என்றார், எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "அப்ப இது பொய்ப் பேர்ல வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி" என்றாள் மிர்னா.

அவள் எதையெல்லாம் தொடக்கூடாது என்று எழுது.

அன்புடன்,
சுனில்டா

*

புவெனஸ் ஐரிஸ்,
6 பிப்ரவரி 2013

அன்புள்ள அக்காவுக்கு,

டெர்லிஸ் நலமே. உன் கடிதத்தை ஓட்டுநர் என் கையில் தராமல் முதலில் முகத்தை உற்றுப் பார்த்தார். ஞா செஃபெரினா அடையாளம் சொல்லியனுப்பியிருக்கிறாள் போல. அம்மாவின் கால் வீக்கம் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல். சொன்னால் கேட்கமாட்டாள், ஆனாலும் சொல்.

ஒரு செருப்புக் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலை. அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர். இங்கே எல்லோரும் மாத்தே இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அதையே ஐஸ் தண்ணீரில் போட்டுத் தெரெரேயாகக் குடிக்கிற என்னைப் பார்த்து, "ஏன்டா, உங்க ஊர்ல அடுப்பே கிடையாதா?" என்கிறார்கள். "எங்க ஊரே அடுப்புதான்டா" என்றேன்.

மிர்னாவிடம் சொல்: அப்டேட் என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்தட்டும். அப்டேட் ஆனால் லினக்ஸ் தன் சொந்தப் பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளும். அதற்குப் பின் ஒரு ரீஸ்டார்ட் ஆனால் போதும், பேக்கப் மென்பொருள் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காது. மற்றபடி பயமில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு நான் எழுதிவைத்த சின்ன நிரல், என் ஸ்கிரிப்ட், மெயில் அனுப்பும். அதில் "பிழைகள்: 0" என்று இருக்கும்வரை நிம்மதியாகத் தெரெரே குடியுங்கள். என் பெயரை அந்த மெயில் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எனக்கும் தினமும் வருகிறது. எடுக்கச் சொல்லாதே. காலையில் ஊர்க்குரல் கேட்பதுபோல இருக்கிறது.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
டெர்லிஸ்

*

கொன்செப்சியோன்,
13 பிப்ரவரி 2013

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மா உப்பைக் குறைத்துவிட்டதாக என்னிடம் சொல்கிறாள். குழம்பு வேறு கதை சொல்கிறது. நீ கார்னிவல் திருவிழாவுக்கு எங்கேயாவது போனாயா?

இங்கே ஒரு விஷயம். திருவிழா ஞாயிறு, 10ஆம் தேதி, பதிவகத்தில் ஈ காக்கை இல்லை. திங்கள் காலை மிர்னா வந்து பார்த்தால் பேக்கப் சர்வர் முந்தின நாள் மாலை ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. "நான் தொடவே இல்லக்கா, சத்தியமா" என்கிறாள். அவள் தொடவில்லை என்று எனக்குத் தெரியும், அவள் மகளுக்குக் காய்ச்சல். காலை மெயிலில் "பிழைகள்: 0" என்றுதான் வருகிறது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அது தானாகவே ரீஸ்டார்ட் ஆகுமா?

வருகிற 18ஆம் தேதி லபாச்சோ குடியிருப்பில் அளவை தொடங்குகிறது. இருநூற்றுப் பதினான்கு குடும்பம். பக்கத்துப் பண்ணைக்காரர் அத்தனையும் தன் நிலம் என்று வழக்குப் போட்டிருக்கிறார். நீதிமன்ற உத்தரவு கையில் இருப்பதால் பண்ணை ஆட்கள் நம்மவர்களை வேலிக்குள் விடுகிறார்கள். அந்த உத்தரவு ஏப்ரல் 30 வரைதான். இப்போது நோட்டுப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. அளவுக் கருவியிலிருந்து நேராகக் கணினிக்கு, கணினியிலிருந்து உன் பேக்கப்புக்கு. வேறெங்கும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இந்த மாதம் 29 கிடையாது. "28ல வச்சுக்கலாமே" என்றாள் மிர்னா. தோன் எர்மினியோ, "இருபத்தெட்டுல யாரும்மா ஞோக்கி திம்பாங்க? தரித்திரம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். சோதனை மார்ச்சில்தான்.

என் கேள்விக்கு மழுப்பாமல் பதில் எழுது.

சுனில்டா

*

புவெனஸ் ஐரிஸ்,
5 மார்ச் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கம்பெனியில் வேலை கழுத்தை நெரிக்கிறது. இருமல் இருந்தது, போய்விட்டது. அம்மாவுக்கு இங்கிருந்து மாத்திரை வாங்கி ஓட்டுநரிடம் தந்திருக்கிறேன். காலையில் ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம்.

மழைக்காலம், மின்சாரம் போய் வந்திருக்கும். காலை மெயில் சரியாகத்தானே வருகிறது? எனக்கும் வருகிறது.

நேற்று தெருமுனையில் நம் ஊர்க்காரி ஒருத்தி சிப்பா ரொட்டி விற்றாள். நான்கு வாங்கி நின்ற இடத்திலேயே தின்றேன். சீஸ் குறைவுதான், ஆனால் நம் ஊர் வாசனை வந்தது. கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

டெர்லிஸ்

*

கொன்செப்சியோன்,
1 ஏப்ரல் 2013

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை வந்தது, அம்மா சாப்பிடுகிறாள். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அம்மா அதை உன் தலையில் கட்டுகிறாள், நீ போனதால்தானாம்.

புனித வாரம் முடிந்தது. புதன்கிழமை வீட்டில் ஐம்பது சிப்பா சுட்டோம். 29ஆம் தேதி பெரிய வெள்ளியாகப் போயிற்று. ஞோக்கியும் இல்லை, அலுவலகமும் இல்லை, சோதனையும் இல்லை. இனி ஏப்ரல் 29தான். மூன்று மாதம் ஆகிறதே என்று மிர்னா முணுமுணுத்தாள். நானும் முணுமுணுத்தேன். பிறகு இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். காலை மெயில்தான் சமர்த்தாக வருகிறதே.

லபாச்சோவில் பாதிக்கு மேல் அளந்தாகிவிட்டது. பண்ணையில் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். அளவையாளர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் அளக்கிறார்கள். எண்பத்தெட்டாம் மனைக்காரி வலேரியானா என்று ஒருத்தி, அவர்களுக்கு முன்னால் நடந்து போகிறாளாம். "சுடுறதுன்னா முதல்ல என்னைச் சுடட்டும், நீங்க அளங்க" என்கிறாளாம். கேட்டதிலிருந்து அவள் முகம் எப்படி இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுனில்டா

*

புவெனஸ் ஐரிஸ்,
10 ஏப்ரல் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் எட்டிப் பார்க்கிறது. ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், கவலைப்படாதே. நீ இளைக்க வேண்டாம், அம்மாவிடம் எனக்குத் திட்டு விழுகிறது.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு மனை முடிந்துவிட்டது, இன்னும் பதினாறுதான். துப்பாக்கிக்காரர்கள் முன்னால் இது பெரிய காரியம். அந்த வலேரியானாவுக்கு என் வணக்கத்தைச் சொல். சின்ன ஆட்கள் எழுதிவைக்க ஒரு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் நாம் அந்தப் பதிவகத்தில் சேர்ந்தோம் என்று நீ முன்பு சொல்வாய். நான் கிண்டல் செய்வேன். இப்போது செய்யவில்லை.

அன்புடன்,
டெர்லிஸ்

*

கொன்செப்சியோன்,
27 ஏப்ரல் 2013

தம்பிக்கு,

அம்மா நலம். மற்றது எதுவும் நலமில்லை.

புதன்கிழமை மதியம் இடி. பதிவகத்தின் பிரதான கணினி போயிற்று. உள்ளே ஹார்ட் டிஸ்க் வட்டுகள் கருகிக் கிடக்கின்றன. யாரும் பதறவில்லை, பேக்கப் இருக்கிறதே. மிர்னா உட்கார்ந்து மீட்கப் பார்த்தாள். பட்டியலில் கடைசித் தேதி பிப்ரவரி 9. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை.

பெயர்க் கோப்பைத் திறந்து பார்த்தாள். லினக்ஸின் சொந்தப் பெயர் இருக்கிறது. பிப்ரவரி 10 மாலை யாரோ அப்டேட் போட்டிருக்கிறார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் பேக்கப் மென்பொருள் பெயரைப் பார்த்தது, எழுந்திருக்கவே இல்லை. எழுபத்து மூன்று நாளாக அது தூங்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் தினமும் காலை மெயில் படித்துக்கொண்டிருந்தோம். அந்த ஸ்கிரிப்ட் பிழைகளைத்தான் எண்ணுகிறது. "ஓடாத சாஃப்ட்வேர் என்னக்கா பிழை பண்ணும்?" என்று சொல்லிவிட்டு மிர்னா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட்டோம். மரியாதையாகப் பேசினார்கள். எந்த லினக்ஸ் என்று கேட்டார்கள். சொன்னதும், அது ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகவே போனை வைத்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

லபாச்சோவின் இருநூற்றுப் பதினான்கு மனையும் பிப்ரவரி 18க்குப் பிறகு அளந்தவை. அளவுக் கருவிகளில் இருந்ததை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டோம். உத்தரவு செவ்வாய்க்கிழமை முடிகிறது. மே 24ஆம் தேதி விசாரணை. அன்று அளவை இல்லையென்றால் பண்ணைக்காரர் கேட்டபடி குடும்பங்களை வெளியேற்ற உத்தரவு வந்துவிடும்.

போனில் இதைப் பேசாதே. அமைச்சகத்து விசாரணை அதிகாரி அழைப்புப் பட்டியலை வாங்கியிருக்கிறார். உனக்கு ஏதாவது வழி தோன்றினால் உடனே எழுது. உடனே.

சுனில்டா

*

கொன்செப்சியோன்,
6 மே 2013

டெர்லிஸ்,

ஒன்பது நாளாகிறது. நேற்றிரவு பொறுக்காமல் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன், அணைத்துவைத்திருக்கிறாய். உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை முதலில் சொல். அம்மாவிடம் நீ நலம் என்று நானாகவே சொல்லிவைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மிர்னாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். சர்வரின் சாவி அவளிடம் இருந்தது, ஆகவே அப்டேட் போட்டவள் அவளே என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். பண்ணைக்காரரிடம் காசு வாங்கினாளா என்றுகூடக் கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். தோன் எர்மினியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பேர் மாத்தினது எனக்குத் தெரியாதே, நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே" என்றார். கல்லுளிமங்கன்.

ஞாயிறு முழுவதும் உன் பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் 10ஆம் தேதி, நூற்றுத் தொண்ணூற்றெட்டு முடிந்தது, பதினாறு பாக்கி என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எண்ணிக்கை எழுதவே இல்லை. பாதிக்கு மேல் என்றுதான் எழுதினேன். மிர்னாவுக்கு உன் முகவரிகூடத் தெரியாது.

உனக்கு யார் சொன்னது?

அக்கா

*

புவெனஸ் ஐரிஸ்,
11 மே 2013

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன். ஊரைவிட்டு வரும்போது எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து பேக்கப் சர்வருக்கும் பதிவகத்தின் பிரதான கணினிக்கும் உள்ளே போக ஒரு வழி. திருட அல்ல அக்கா. நான் கட்டிய வீட்டின் அஸ்திவாரம் எனக்குத் தெரியும். பொய்ப் பெயரில் நிற்கிற பேக்கப்பை நம்பி என்னால் தூங்க முடியவில்லை. ஆகவே அளவைக் கோப்புகளை மட்டும் தினமும் இரவு பிரதான கணினியிலிருந்து நேராக என் அறையில் இருக்கிற வட்டுக்கு இறக்கிக்கொண்டேன். அது தானாக நடக்கும்.

பிப்ரவரி 10, நான்தான். நம்முடைய அதே லினக்ஸில் பெரிய ஓட்டை, எவன் வேண்டுமானாலும் நுழையலாம் என்று இங்கே கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இருக்கமாட்டார்கள் என்று உள்ளே போய் அப்டேட் போட்டேன். பெயரைத் திருப்பி எழுதிவிட்டுத்தான் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தெருவில் திருவிழா மேளம், அறைக்காரர்கள் வா வா என்று கதவைத் தட்டினார்கள். ரீஸ்டார்ட்டை அழுத்திவிட்டுப் போய்விட்டேன். மறந்துவிட்டேன் அக்கா. வேறு ஒன்றும் இல்லை, மறந்துவிட்டேன்.

காலையில் "பிழைகள்: 0". என் ஸ்கிரிப்ட்டை நானே நம்பினேன். நீ ரீஸ்டார்ட் பற்றிக் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாவி வைத்திருப்பது தெரிந்துவிடும் என்று பயந்தேன். உள்ளே போய் ஒரு முறை பார்த்திருந்தால்கூடப் போதும். அதற்கும் பயம்.

ஏப்ரல் 23 இரவு வரை எல்லாம் என்னிடம் இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கும். வட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், அம்மாவுக்கு வாங்கிய சால்வைக்குள் சுற்றியிருக்கிறது. ஓட்டுநர்கள் கைமாறிப் போகிற பொருள். இன்னொரு நகல் என்னிடம் வைத்திருக்கிறேன்.

அரசாங்கப் பதிவை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போனதற்கு ஜெயில் உண்டு. எனக்காக ஒன்று செய். பழைய அலமாரியில் கிடைத்தது என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள். குடும்பங்கள் பிழைக்கும், மிர்னாவும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். ஒரே ஒரு வரிதான் அக்கா.

டெர்லிஸ்

*

கொன்செப்சியோன்,
16 மே 2013

தம்பிக்கு,

சால்வை வந்தது. உள்ளிருந்ததும் வந்தது. மிர்னா வீட்டுச் சமையலறையில் அவளுடைய பழைய கணினியில் திறந்தோம். இருநூற்றுப் பதினான்கையும் அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, "அவர்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என் பொண்ணுங்க ரெண்டு வாரமா ஸ்கூலுக்குப் போகலக்கா. லஞ்சக்காரி மகள்னு சொல்றாங்களாம்." அவ்வளவுதான் சொன்னாள். உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நேற்று அன்னையர் தினம். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில், "அவனுக்கு ஏதோ ஆகியிருக்கு, நீ எங்கிட்ட மறைக்கிற" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரத்த அழுத்தம் ஏறவில்லை. ராத்திரி முழுவதும் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிற படிவத்தில் கட்டம் இருக்கிறது: நகல் எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார். கீழே என் கையெழுத்து. பண்ணைக்காரரின் வக்கீல் பாவெத்தி அலமாரியைக் காட்டச் சொல்வார். அதிலிருக்கும் தூசியைக்கூடக் கேட்பார். அந்த ஒரு வரி பொய் என்று தெரிந்தால் இருநூற்றுப் பதினான்கு மனையும் பொய்யாகிவிடும். ஒரு சர்வருக்கு ஒரு பொய் வரி எழுதியதில்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம். வலேரியானாவின் நிலத்தை இன்னொரு பொய் வரிமேல் நிறுத்தமாட்டேன்.

உன் பெயரை எழுதப்போகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன். நீ வராவிட்டால் அது வெறும் பெயர். வட்டு நிஜம் என்று சொல்ல ஆள் இருக்காது, பாவெத்தி கிழித்துப் போட்டுவிடுவார். வந்தால் உன்னைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். எனக்கே விவரம் தெரியாத வயதிலேயே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் இதை எழுதுகிறேன்.

24ஆம் தேதி, காலை ஒன்பது மணி.

உன் அக்கா

*

அசுன்சியோன் பஸ் நிலையம்,
22 மே 2013

அக்காவுக்கு,

நலமா என்று நீ கேட்பதற்கு முன்னால் சொல்கிறேன், நலமில்லை. பயத்தினால்தான்.

கொன்செப்சியோன் பஸ் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. பத்து மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், இறங்கிவிட்டேன். நம் கடிதங்களை இங்கே கொண்டுவருகிற ஓட்டுநர்தான். "தம்பி, போறியா இல்ல கடுதாசி மட்டும் போகுதா?" என்றார். கடிதம் மட்டும் என்றேன். அவர் பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறார், நான் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு இன்னொன்று இருக்கிறது. எதிர்ப்பக்கம் புவெனஸ் ஐரிஸ் பஸ்ஸும் மூன்று மணிக்குத்தான். எதில் ஏறுவேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு முத்தம்.

டெர்லிஸ்

*

கொன்செப்சியோன்,
29 மே 2013

அன்புத் தம்பிக்கு,

பெரியம்மா வீட்டில் நலமாக இருக்கிறாயா? ஜாமீனில் விட்டாலும் அசுன்சியோனைவிட்டு வெளியே போகக்கூடாது, திங்கள் தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று சொன்னார்கள். முதல் கையெழுத்துப் போட்டாயா? அம்மா நலம். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாள். ஐம்பது சிப்பா வருகிறது, தயாராக இரு.

அன்று அசுன்சியோனில் மூன்று மணிக்குக் கிளம்பிய பஸ் இங்கே வந்து நின்றபோது நானும் ஞா செஃபெரினாவும் வாசலில் நின்றோம். கடைசி ஆளாக நீ இறங்கினாய். அவள் சொன்னதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். "இத்தனை கடுதாசி ஏத்திவிட்டதுல ஒண்ணாவது ஆளா வந்து இறங்குச்சே" என்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பாவெத்தியின் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு மெஷின்கிட்டயே பேரை மாத்திப் பொய் சொன்ன ஆள் நீங்க. நீதிபதி ஏன் உங்களை நம்பணும்?" "நம்ப வேணாங்க. போய் அளந்து பாருங்க" என்றாய். நான் பெருமைப்பட்டேன் டெர்லிஸ். போலீஸ் உன்னை அழைத்துப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அழுகையை மறைக்கத்தான், கோபத்தில் அல்ல.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீதிபதி சீட்டுக் குலுக்கிப் பத்து மனையைத் தேர்ந்தெடுத்தார். திங்களன்று நீதிமன்ற ஆட்கள் காவலோடு போய் அளந்தார்கள். பத்தும் உன் வட்டோடு ஒத்துப்போயின. நேற்று உத்தரவு வந்தது. யாரும் வெளியேற வேண்டாம். பாவெத்தி மேல்முறையீடு என்கிறார், போகட்டும். அளவை இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது.

மிர்னா திரும்ப வந்துவிட்டாள். வந்த முதல் நாளே உன் ஸ்கிரிப்ட்டை மாற்றினாள். இனி அது பிழையை எண்ணாது, நேற்று எத்தனை கோப்பு நகலானது என்று எண்ணும். சோதனை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை. "ஞோக்கிக்கும் இதுக்கும் இனிமே சம்பந்தம் இல்லக்கா" என்றாள். தோன் எர்மினியோ கேட்காமலேயே ஒரு தாள் எழுதி சர்வர்மேல் ஒட்டினார்: இதன் பெயர் என் அனுமதியோடு மாற்றப்பட்டது, அப்டேட் போடுகிறவர் முதலில் இதைப் படிக்கவும். கீழே கையெழுத்து. அதன் நகல் உன் வக்கீலுக்கும் போயிருக்கிறது. மனிதர் இரண்டு நாளாக யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் போட்டுவிட்டார்.

சம்பந்தம் இல்லை என்றாலும் இன்று 29 அல்லவா. ஞோக்கி செய்தோம். மனைச் சான்று வாங்க வலேரியானா வந்திருந்தாள். நான் நினைத்த முகம் இல்லை. ஒல்லியாக, வெட்கப்படுகிறவளாக இருக்கிறாள். கோப்பின் பெயர் சொல்லச் சொன்னோம். "எண்பத்தெட்டு" என்றாள். மிர்னா மீட்டுப் படித்தாள்: மனை 88, வலேரியானா ஒவெலார், வடக்கே ஓடை, கிழக்கே பண்ணை வேலி, தெற்கே மனை 89, மேற்கே பொதுப்பாதை, பத்து ஹெக்டேர். "இன்னொரு தடவை படிம்மா" என்றாள். படித்தாள். "இதை வச்சிருந்தவரு சாப்பிட வரலையா?" என்று கேட்டாள். அவனால் வர முடியாது, இதை வைத்திருந்ததற்காகத்தான் என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

உனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னாள், வைத்தோம். நாங்கள் எல்லோரும் வழக்கப்படி, காசு பெருகட்டும் என்று தட்டுக்கு அடியில் ஒரு ரூபாய் நோட்டுபோல மடித்த பண நோட்டை வைத்தோம். அவள் நோட்டு வைக்கவில்லை. அச்சடித்துக் கொடுத்த மனைச் சான்றை நான்காக மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இனி நீயும் மின்னஞ்சலில் எழுதலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காகிதத்திலேயே எழுது. ஞா செஃபெரினா கேட்டாள்.

உன் அக்கா,
சுனில்டா